மூச்சுக் காற்றில் தெரியும் தீ

இரவு மணி 2. வீட்டில் எல்லோரும் அயர்ந்து தூங்குகிறார்கள். எட்டு வயதுப் பையன் மட்டும் பாயில் எழுந்து உட்கார்ந்திருக்கிறான். தோள்கள் ஏறி ஏறி இறங்குகின்றன. மூச்சு விடும்போது சீழ்க்கை அடிப்பது போல ஒரு சத்தம்.

தாய் ஓடி வந்து விளக்கைப் போடுகிறாள். அலமாரியில் இருந்து நீல நிற மருந்துப் பம்பை எடுக்கிறாள். மருந்து உள்ளே போகிறது. சிறிது நேரத்தில் சத்தம் அடங்குகிறது. மூச்சு சீராகிறது.

"சரியாப் போச்சு. படுத்துத் தூங்கு கண்ணு" என்கிறாள் பாட்டி.

விளக்கு அணைகிறது. எல்லோரும் தூங்கப் போகிறார்கள்.

உண்மையில் சரியாகிவிட்டதா? இல்லை. அடைத்திருந்த கதவு திறந்திருக்கிறது. அவ்வளவுதான். உள்ளே தீ எரிந்துகொண்டே இருக்கிறது. நாளை இரவோ, அடுத்த வாரமோ அந்தக் கதவு மறுபடியும் அடைக்கும்.

"தீ" என்று சொல்வது வெறும் பேச்சுக்காக அல்ல. அந்தத் தீயின் புகை பையனின் மூச்சுக் காற்றில் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது. மூக்குக்கும் எட்டாது. ஆனால் கருவி கண்டுபிடித்துவிடும். அந்தப் புகையின் பெயர் நைட்ரிக் ஆக்சைடு.

இந்த வாயுவின் கதை விசித்திரமானது. இதைத் தெரிந்துகொண்டால், ஆஸ்துமா நோயாளி இருக்கும் வீட்டில் நடக்கும் ஒரு பெரிய தவறு விளங்கும்.

குழாய்க்குள் என்ன நடக்கிறது?

மனிதனின் நெஞ்சுக்குள் மூச்சுக் குழாய் ஒரு மரத்தைப் போல அமைந்திருக்கிறது. ஒரு பெரிய குழாய் இரண்டாகப் பிரிகிறது. அவை மேலும் மேலும் பிரிந்து, கடைசியில் நூல் போன்ற சிறு குழாய்கள் ஆகின்றன. காற்று இந்தக் குழாய்கள் வழியாகப் போய்த் திரும்புகிறது.

ஒவ்வொரு குழாயின் உட்புறமும் மெல்லிய தோல் போன்ற ஒரு படலம் இருக்கிறது. அதைச் சுற்றி வெளியே தசை இருக்கிறது.

ஆஸ்துமா வந்தால் மூன்று காரியங்கள் நடக்கின்றன. தசை இறுகிக் குழாயை நெரிக்கிறது. உட்படலம் வீங்குகிறது. சளி சுரந்து அடைக்கிறது. மூன்றும் சேர்ந்தால் காற்று போகும் வழி குறுகிவிடும். அந்தக் குறுகிய வழியில் காற்று முட்டி மோதி வெளியே வரும் சத்தம்தான் அந்தச் சீழ்க்கை.

இதற்கு யார் காரணம்? பலருக்குக் காரணம் ஒவ்வாமை. இதை அலர்ஜி என்பார்கள். தலையணையில் வாழும் கண்ணுக்குத் தெரியாத தூசிப் பூச்சி, கரப்பான் பூச்சியின் கழிவு, பூவின் மகரந்தம், பூனை முடியோடு வரும் பொடி ஆகியவை மற்றவர்களை ஒன்றும் செய்வதில்லை. ஆனால் ஒவ்வாமை உள்ளவரின் உடம்பு இவற்றைப் பகைவன் என்று எண்ணிவிடுகிறது. படை திரட்டுகிறது. ஈசினோபில் என்னும் வெள்ளை அணுக்கள் மூச்சுக் குழாயில் வந்து குவிகின்றன. ரத்தப் பரிசோதனைச் சீட்டில் இந்தப் பெயரைப் பலரும் பார்த்திருப்பார்கள்.

பகைவன் இல்லாத ஊரில் படை இறங்கினால் என்ன ஆகும்? சொந்த ஊர்தான் நாசமாகும். குழாயின் உட்படலம் சிவந்து, வீங்கி, புண்பட்டுப் போகிறது. டாக்டர்கள் இதை அழற்சி என்கிறார்கள். அழல் என்றால் நெருப்பு. பெயரிலேயே தீ இருக்கிறது!

வெடிமருந்தும் நோபல் பரிசும்

இனி வாயுவின் கதைக்கு வருவோம்.

நைட்ரிக் ஆக்சைடு மிகச் சிறிய பொருள். ஒரு நைட்ரஜன் அணு. ஒரு பிராணவாயு அணு. இரண்டும் கைகோர்த்தால் அதுதான் நைட்ரிக் ஆக்சைடு. மோட்டார் வண்டிப் புகையில் இது உண்டு. வெகு காலம் வரை இதை நகரத்துக் காற்றைக் கெடுக்கும் அழுக்கு என்றே உலகம் நினைத்தது. மனித உடம்பு தானே இதைத் தயாரிக்கிறது என்று யாரும் கனவிலும் எண்ணவில்லை.

இந்தக் கதையில் ஆல்பிரட் நோபலுக்கும் ஓர் இடம் உண்டு. நோபல் பரிசை ஏற்படுத்தினாரே, அவரேதான். நைட்ரோகிளிசரின் என்ற வெடிக்கும் எண்ணெயைக் கொண்டு 1867-ல் டைனமைட் செய்து கோடீசுவரர் ஆனவர். முதுமையில் அவருக்கு நெஞ்சு வலி வந்தது. டாக்டர்கள் மருந்து எழுதிக் கொடுத்தார்கள். என்ன மருந்து தெரியுமா? அதே நைட்ரோகிளிசரின்! விதியின் விளையாட்டைப் பாருங்கள் என்ற கருத்தில் அவர் தம் நண்பருக்குக் கடிதம் எழுதினார். அது 1896-ம் ஆண்டு. அந்த ஆண்டு டிசம்பர் மாதமே அவர் காலமானார்.

வெடிமருந்து எப்படி நெஞ்சு வலியைப் போக்குகிறது? அந்தப் புதிர் அவிழ ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆயின. நைட்ரோகிளிசரின் உடம்புக்குள் போனதும் நைட்ரிக் ஆக்சைடை வெளிவிடுகிறது, அது ரத்தக் குழாயின் தசையைத் தளர்த்துகிறது என்று அமெரிக்காவில் பெரிட் முராட் 1977-ல் காட்டினார். ரத்தக் குழாயின் உட்சுவரே ஏதோ ஒரு பொருளை வெளிவிட்டுத் தசையைத் தளர்த்துகிறது என்று ராபர்ட் பர்ச்காட் 1980-ல் கண்டார். அந்தப் பொருளும் நைட்ரிக் ஆக்சைடுதான் என்று அவரும் லூயி இக்னாரோவும் 1986-ல் அறிவித்தார்கள்.

மூவருக்கும் 1998-ல் மருத்துவத்துக்கான பரிசு கிடைத்தது. என்ன பரிசு? ஆல்பிரட் நோபலின் பெயரால் வழங்கும் பரிசு!

ஸ்டாக்ஹோமில் கண்ட அதிசயம்

உடம்புக்குள் இந்த வாயு இருக்கிறது என்றால், அது மூச்சோடு வெளியே வருமா? சுவீடன் நாட்டின் தலைநகர் ஸ்டாக்ஹோமில் கரோலின்ஸ்கா ஆராய்ச்சிக் கழகம் இருக்கிறது. அங்குள்ள விஞ்ஞானிகள் இந்தக் கேள்வியைக் கேட்டார்கள். முயல், கினிப் பன்றி, மனிதன் ஆகிய மூன்றின் மூச்சையும் சோதித்தார்கள். மூன்றிலும் நைட்ரிக் ஆக்சைடு இருந்தது. இது 1991-ல் நடந்தது.

அடுத்த கேள்வி எழுந்தது. நோயாளியின் மூச்சில் எப்படி? 1993-ல் அதே கழகத்தைச் சேர்ந்த அல்விங், வெய்ட்ஸ்பெர்க், லுண்ட்பெர்க் ஆகியோர் ஆஸ்துமா நோயாளிகளை ஊதச் செய்து அளந்தார்கள். நல்ல நிலையில் உள்ளவர்களை விட இரண்டு, மூன்று மடங்கு அதிகமாக அந்த வாயு இருந்தது.

அதுவரை மூச்சுக் குழாயில் அழற்சி இருக்கிறதா என்று பார்ப்பது எளிதல்ல. தொண்டை வழியாகக் குழாயை விட்டு, உள்ளிருந்து ஒரு துணுக்கை எடுக்க வேண்டும். அல்லது சளியைத் துப்பச் செய்து, அதில் உள்ள அணுக்களை எண்ண வேண்டும். இப்போதோ ஒரு தடவை ஊதினால் போதும் என்ற நிலை வந்தது. வீட்டுக்குள் நுழையாமல், கூரை மேல் புகை வருகிறதா என்று பார்த்தே அடுப்பு எரிவதைச் சொல்லிவிடலாம் அல்லவா? அதைப் போலத்தான்.

வேலையாட்கள் மூவர்

இந்த வாயுவை உடம்பில் தயாரிப்பது யார்? நொதி.

நொதி என்றதும் பயப்பட வேண்டாம். ஒரு கவளம் சோற்றை வாயில் போட்டு வெகு நேரம் மென்று பாருங்கள். சோறு மெல்ல இனிக்கத் தொடங்கும். சர்க்கரை எங்கிருந்து வந்தது? எச்சிலில் உள்ள நொதி, சோற்றின் மாவுச் சத்தைச் சர்க்கரையாக மாற்றியது. ஒரு பொருளை இன்னொரு பொருளாக மாற்றிக் கொடுக்கும் வேலையாள்தான் நொதி. உடம்பில் இப்படி ஆயிரக்கணக்கான வேலையாட்கள் இருக்கிறார்கள்.

நைட்ரிக் ஆக்சைடைத் தயாரிக்கும் நொதியில் மூன்று வகை உண்டு. மூன்றுக்கும் மூலப்பொருள் ஒன்றே. அர்ஜினின் என்பது அதன் பெயர். அது புரதச் சத்தின் ஒரு துண்டு. நிலக்கடலையில் அது நிறைய உண்டு.

முதல் இருவரும் அமைதியான வேலையாட்கள். ஒருவர் நரம்புகளில் இருக்கிறார். இன்னொருவர் ரத்தக் குழாயின் உட்சுவரில் இருக்கிறார். தேவைக்கு ஏற்பச் சிறிது சிறிதாக வாயுவைத் தயாரிக்கிறார்கள். மூச்சுக் குழாயின் தசை தளர்ந்து நிற்க இது உதவுகிறது.

மூன்றாவது ஆள் வேறு ரகம். அவர் ஆபத்துக் கால வேலையாள். ஒவ்வாமையால் அழற்சி மூண்டதும், வெள்ளை அணுக்கள் "இன்டர்லூகின்-13" போன்ற ரசாயனச் செய்திகளை அனுப்புகின்றன. அந்தச் செய்தி வந்ததும், மூச்சுக் குழாயின் உட்படலத்தில் இந்த மூன்றாவது ஆள் ஏராளமாக உண்டாகிறார். உண்டானால் ஓய்வதில்லை. வாயுவை அள்ளி அள்ளித் தயாரிக்கிறார். மூச்சில் கூடுதலாக வருவது இவருடைய சரக்குதான்.

ஒரு மூட்டை அரிசி, இரண்டு அடுப்பு

இங்கே புத்திசாலி வாசகர் ஒரு கேள்வி கேட்பார். "நைட்ரிக் ஆக்சைடு தசையைத் தளர்த்தும் என்றீர்களே. ஆஸ்துமாக்காரர் மூச்சில் அது அதிகம் என்கிறீர்கள். அப்படியானால் அவர் குழாய் நன்றாகத் திறந்தல்லவா இருக்க வேண்டும்? ஏன் அடைக்கிறது?"

நியாயமான கேள்வி. இதற்குப் பதிலின் ஒரு பகுதி இன்னொரு நொதியிடம் இருக்கிறது. அதன் பெயர் அர்ஜினேஸ்.

வீட்டில் ஒரு மூட்டை அரிசிதான் இருக்கிறது. இரண்டு அடுப்பு எரிகிறது. ஓர் அடுப்பில் அதிகம் போட்டால் மற்றொன்றுக்குக் குறைந்து போகும். அதைப் போலவே அர்ஜினேஸ் நொதியும் அதே அர்ஜினினை எடுத்துக்கொள்கிறது. ஆனால் அதை வாயுவாக மாற்றுவதில்லை. யூரியாவாகவும் ஆர்னித்தின் என்ற பொருளாகவும் மாற்றுகிறது. கல்லீரலில் இது நல்ல வேலை. உடம்பின் கழிவை வெளியேற்ற உதவுகிறது. மூச்சுக் குழாயில் இது அளவு மீறினால் தொல்லை.

அமெரிக்காவில் சின்சினாட்டி நகரக் குழந்தைகள் மருத்துவமனை விஞ்ஞானிகள் 2003-ல் ஒரு செய்தியை வெளியிட்டார்கள். எலிகளுக்கு ஒவ்வாமை ஆஸ்துமாவை உண்டாக்கி நுரையீரலை ஆராய்ந்தபோது, அர்ஜினேஸ் மிகவும் பெருகியிருந்தது. ஆஸ்துமா உள்ள மனிதர்களின் நுரையீரலில் இருந்து எடுத்த மாதிரிகளிலும் அது கூடியிருந்தது. மேலும் ஒரு வியப்பு. ஆபத்துக் கால வேலையாளை எழுப்பும் அதே இன்டர்லூகின்-13, அர்ஜினேஸையும் தூண்டிவிடுகிறது.

இதனால் இரண்டு தீங்குகள். அமைதியான வேலையாட்களுக்கு மூலப்பொருள் தட்டுப்பாடு வருகிறது. தசையைத் தளர்த்தும் நல்ல வாயு, வேண்டிய இடத்தில் குறைகிறது. இன்னொரு புறம், ஆர்னித்தினில் இருந்து தழும்புக்கு வேண்டிய பொருள்கள் உண்டாகின்றன. நாளடைவில் குழாயின் சுவர் தடித்துப் போக இது வழி செய்யும்.

உட்படலத்தில் அளவு மீறி உண்டாகும் வாயுவாவது உதவுமா என்றால், அதற்கும் ஒரு தடை. அழற்சி உள்ள இடத்தில் பிராணவாயுவின் முரட்டு வடிவம் ஒன்று சுற்றிக்கொண்டிருக்கும். நைட்ரிக் ஆக்சைடு அதனோடு சேர்ந்தால், திசுவை அரிக்கும் பொருளாக மாறிவிடுகிறது. நல்ல பிள்ளை கெட்ட சகவாசத்தால் கெட்ட கதை!

புகையை விரட்டினால் தீ அணையுமா?

இவ்வளவு தெரிந்த பிறகு மருந்துக் கம்பெனிகள் சும்மா இருக்குமா? "அந்த ஆபத்துக் கால நொதியைக் கட்டிப் போட்டால் ஆஸ்துமா ஒழிந்துவிடும்" என்று எண்ணினார்கள். அதற்கென்றே ஒரு மாத்திரை செய்தார்கள். நோயாளிகளுக்குக் கொடுத்துச் சோதித்தார்கள். முடிவு 2007-ல் வெளியாயிற்று.

மூச்சில் இருந்த வாயு வெகுவாகக் குறைந்தது. ஆனால் ஒவ்வாமைப் பொருளை முகர்ந்ததும் மூச்சுக் குழாய் முன்போலவே அடைத்தது. வெள்ளை அணுக்களும் குறையவில்லை. புகையைத்தான் விரட்டினார்கள். தீ அப்படியே இருந்தது!

"அர்ஜினின் தட்டுப்பாடு என்றால், அர்ஜினினையே கொடுத்தால் என்ன?" என்று வேறு சிலர் நினைத்தார்கள். டில்லியில் மரபணு ஆராய்ச்சிக் கழக விஞ்ஞானிகள் எலிகளுக்கு அதிக அளவில் கொடுத்துப் பார்த்தபோது, நோய் தணிந்தது. 2010-ல் இது வெளியாயிற்று. ஆனால் எலி வேறு, மனிதன் வேறு. அமெரிக்காவில் கடுமையான ஆஸ்துமா உள்ளவர்களுக்குக் கொடுத்த ஆய்வின் முடிவு 2020-ல் வந்தது. நோய் முற்றி வரும் தடவைகள் குறிப்பிடும்படியாகக் குறையவில்லை. ஆகவே நிலக்கடலை தின்றால் ஆஸ்துமா தீரும் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம்.

இந்த இரண்டு தோல்விகளும் ஒரு பாடத்தைக் கற்பிக்கின்றன. வாயு என்பது சேதி. நோய் என்பது அழற்சி. அழற்சியை அணைக்காமல் வேறு எதைச் செய்தாலும் பயன் குறைவு.

அணைக்கும் மருந்து எது?

அணைக்கும் மருந்து இல்லையா? இருக்கிறது. புதிதும் அல்ல. 1972 முதல் பயன்பட்டு வருகிறது. மூச்சோடு இழுக்கும் ஸ்டீராய்டு மருந்துதான் அது. பெக்லோமெதசோன், புடசோனைடு என்பவை அதன் வகைகள்.

இந்த மருந்து மூச்சுக் குழாயின் உட்படலத்தில் போய்ப் படிகிறது. வெள்ளை அணுக்களின் படையைக் கலைக்கிறது. ரசாயனச் செய்திகளை நிறுத்துகிறது. ஒழுங்காக இழுத்து வந்தால், மூச்சில் உள்ள நைட்ரிக் ஆக்சைடு சில நாட்களிலேயே இறங்கத் தொடங்குகிறது. தீ தணியும்போது புகையும் குறைகிறது.

நீலப் பம்பு வேறு. அதில் இருப்பது பெரும்பாலும் சால்பியூட்டமால். அது 1969-ல் வந்தது. இறுகிய தசையைச் சில நிமிடங்களில் தளர்த்திவிடும். உயிரைக் காக்கும் மருந்து, சந்தேகமில்லை. ஆனால் அழற்சியை அது தொடுவதில்லை. கதவைத் திறக்கும், தீயை அணைக்காது.

ஊதினால் தெரியும்

மூச்சு வாயுவை அளக்கும் கருவி இப்போது கையடக்கமாக வந்துவிட்டது. 2003-ல் அமெரிக்க அரசு இதற்கு முதன்முதலாக அனுமதி அளித்தது. பெரிய நகரங்களில் நுரையீரல் டாக்டர்கள் சிலர் இதை வைத்திருக்கிறார்கள். ஊசி இல்லை. ரத்தம் இல்லை. வலியும் இல்லை. கருவியின் வழியாக மூச்சை நன்றாக இழுத்து, ஒரே சீராக ஊத வேண்டும். பெரியவர்கள் 10 வினாடி, சிறுவர்கள் 6 வினாடி. வினாடிக்கு 50 மில்லி வேகத்தில் காற்று வர வேண்டும். வேகம் மாறினால் கணக்கு மாறும்.

100 கோடி பங்கு காற்றில் இந்த வாயு எத்தனை பங்கு இருக்கிறது என்று கருவி எண் காட்டும். அமெரிக்க நெஞ்சு நோய்ச் சங்கம் 2011-ல் வகுத்த கணக்கு இது: பெரியவர்களுக்கு 25-க்குக் கீழே இருந்தால் குறைவு, 50-க்கு மேலே போனால் அதிகம். 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 20-க்குக் கீழே குறைவு. 35-க்கு மேலே அதிகம்.

எண் அதிகம் என்றால், ஒவ்வாமை வகை அழற்சி இருக்கக்கூடும், ஸ்டீராய்டு மருந்து நன்றாக வேலை செய்யும் என்று பொருள். மருந்தை எழுதிக் கொடுத்த பிறகும் எண் இறங்கவில்லை என்றால்? டாக்டர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: "மருந்தை ஒழுங்காக இழுக்கிறீர்களா?" வாய் பொய் சொல்லலாம். மூச்சு அவ்வளவு எளிதில் பொய் சொல்லாது.

ஆனால் இந்த எண்ணையே வேதவாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. புகை பிடிப்பவர்களுக்கு எண் குறைந்து காட்டும். பீட்ரூட், கீரை சாப்பிட்டால் கூடிக் காட்டலாம். ஒவ்வாமை இல்லாத ஆஸ்துமாவில் எண் சாதாரணமாகவே இருக்கலாம். மூக்குச் சளி ஒவ்வாமை மட்டும் உள்ளவர்களுக்கும் எண் உயரலாம். நோயாளியின் கதை, மூச்சு ஊதும் வேகச் சோதனை ஆகியவற்றோடு சேர்த்துப் பார்த்தே டாக்டர் முடிவு சொல்ல வேண்டும். கருவி இல்லாத ஊரிலும் வைத்தியம் நன்றாகவே நடக்கும்.

இங்கிலாந்தில் நடந்த விசாரணை

நீலப் பம்பை மட்டும் நம்பினால் என்ன ஆகும்? இதற்கு இங்கிலாந்து ஒரு பெரிய விலை கொடுத்துப் பாடம் கற்றது.

பிரிட்டனில் 2012 பிப்ரவரி முதல் 2013 ஜனவரி வரை ஆஸ்துமாவால் நேர்ந்த சாவுகளை, லண்டன் ராயல் மருத்துவர் கல்லூரி விசாரித்தது. 195 பேரின் சாவு ஆராயப்பட்டது. 2014-ல் அறிக்கை வெளியாயிற்று. நிவாரணப் பம்பு வாங்கியவர்களில் 165 பேரின் கணக்கு கிடைத்தது. அவர்களில் 65 பேர் சாவதற்கு முந்திய ஓராண்டில் 12 பம்புகளுக்கு மேல் வாங்கியிருந்தார்கள். 6 பேர் 50-க்கு மேல் வாங்கியிருந்தார்கள்!

ஐம்பது பம்பு! ஒவ்வொன்றும் அபாயச் சங்கு. ஒவ்வொரு தடவையும் கதவு திறந்தது. ஒவ்வொரு தடவையும் "சரியாகிவிட்டது" என்று நினைத்தார்கள். பணம் இல்லாத நாடு அல்ல. மருந்து கிடைக்காத நாடும் அல்ல. எந்த மருந்து எதற்கு என்ற விளக்கம்தான் வீடு வரை போய்ச் சேரவில்லை.

உலக ஆஸ்துமா நிபுணர்களின் அமைப்பான ஜினா, 2019-ல் தன் அறிவுரையை மாற்றியது. பெரியவர்களும் 12 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளும் நீலப் பம்பை மட்டும் வைத்து ஆஸ்துமாவைச் சமாளிக்கக் கூடாது, அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு மருந்தும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்று அது அறிவித்தது. அதைவிடச் சிறிய குழந்தைகளுக்கு எது, எவ்வளவு என்பதை டாக்டர் முடிவு செய்வார்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2019-ல் ஆஸ்துமாவால் அவதிப்பட்டவர்கள் 26 கோடியே 20 லட்சம் பேர். இறந்தவர்கள் 4 லட்சத்து 55 ஆயிரம் பேர். இவர்களில் பெரும்பாலோர் வருமானம் குறைந்த நாடுகளில், நோயைச் சரியாகக் கண்டறிந்து மருந்து கொடுக்கும் வசதி குறைவான இடங்களில் இறந்தவர்கள்.

மூன்று பயங்கள்

அணைக்கும் மருந்து இருக்கிறது. அது ஏன் வீட்டுக்குள் வர மறுக்கிறது? மூன்று பயங்கள் வாசலில் நின்று தடுக்கின்றன.

முதல் பயம்: "பம்பு பழகினால் விடாது." இது தவறு. கண்ணாடி போட்டுக்கொள்பவரைக் கண்ணாடிக்கு அடிமை என்று யாரும் சொல்வதில்லை. நோய் இருக்கும் வரை மருந்து வேண்டும். நோய் நன்றாகக் கட்டுப்பட்டால், டாக்டர் அளவைக் குறைப்பார்.

இரண்டாவது பயம்: "ஸ்டீராய்டா? ஐயோ!" இந்தப் பயத்தில் கொஞ்சம் உண்மை உண்டு. மாத்திரையாக நீண்ட காலம் சாப்பிட்டால் ஸ்டீராய்டு பல கெடுதல்களைச் செய்யும். ஆனால் அளவைப் பாருங்கள். 5 மில்லிகிராம் மாத்திரை ஒன்று என்பது 5,000 மைக்ரோகிராம். பம்பை ஒரு தடவை அழுத்தினால் வருவது பெரும்பாலும் 100 அல்லது 200 மைக்ரோகிராம். அதுவும் போக வேண்டிய இடத்துக்கு நேரே போகிறது. மருந்தை இழுத்த பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டால், வாயில் பூஞ்சைப் புண் வராமல் தடுக்கலாம். குழந்தைகளின் உயரத்தை டாக்டர் அவ்வப்போது அளந்து பார்ப்பார். உண்மையில், இந்த மருந்தை நிறுத்திவிட்டு அடிக்கடி ஆஸ்பத்திரிக்கு ஓடுபவர்தான், மாத்திரையும் ஊசியுமாக அதிக ஸ்டீராய்டை உடம்பில் ஏற்றிக்கொள்கிறார்.

மூன்றாவது பயம் ஊர் வாய். "பெண் பம்பு பிடிக்கிறாள் என்று தெரிந்தால் மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள்?" இதற்காக மருந்தை ஒளித்து வைக்கும் குடும்பங்கள் உண்டு. மருந்தை ஒளிக்கலாம். இரைப்பை ஒளிக்க முடியுமா? ஒழுங்காக மருந்து எடுத்துக்கொண்டு ஓடியாடி வேலை செய்யும் பெண்ணையா, மருந்தை மறைத்து நடு இரவில் ஆஸ்பத்திரியில் படுக்கும் பெண்ணையா ஊர் பேசும்?

செய்ய வேண்டியது என்ன?

வீட்டில் உள்ளவர்கள் டாக்டரிடம் வெட்கப்படாமல் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. "ஐயா, இந்த மருந்து கதவைத் திறப்பதா, தீயை அணைப்பதா?" இரண்டும் எழுதியிருந்தால், எதை எப்போது எடுப்பது என்று கேட்டு, பம்பின் மேலேயே எழுதி ஒட்டிக்கொள்ளலாம். இரண்டு வேலையையும் ஒன்றாகச் செய்யும் பம்பும் இருக்கிறது. எப்படி இழுப்பது என்று டாக்டருக்கு முன்னாலேயே ஒரு தடவை செய்து காட்ட வேண்டும். சிறு பிள்ளைகளுக்குப் பம்போடு ஒரு குடுவையைப் பொருத்திக் கொடுப்பார்கள். அதை அலட்சியம் செய்யக் கூடாது.

நீலப் பம்பு வாரத்தில் இரண்டு நாளைக்கு மேல் தேவைப்பட்டால், நோய் கட்டில் இல்லை என்று பொருள். டாக்டரிடம் போக வேண்டும். பேச முடியாமல் மூச்சு வாங்கினாலோ, விலா எலும்புகளுக்கு நடுவே குழி விழுந்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, நீலப் பம்பு இழுத்தும் தணியாவிட்டாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும்.

தீயில் எண்ணெய் ஊற்றவும் கூடாது. நோயாளி இருக்கும் அறையில் பீடி, சிகரெட், கொசுவர்த்திச் சுருள், விறகுப் புகை எதுவும் வேண்டாம். தலையணை உறையையும் போர்வையையும் வாரம் ஒரு தடவை வெந்நீரில் துவைத்து வெயிலில் காயப்போடலாம்.

டாக்டர்களுக்கும் அரசுக்கும் ஒரு வேண்டுகோள். நீலப் பம்பைக் கொடுக்கும் இடத்தில் எல்லாம் அணைக்கும் மருந்தும் தட்டாமல் கிடைக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் புடசோனைடு இருக்கிறது. கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தின் அலமாரியிலும் அது இருக்க வேண்டும். கூடவே, அதை எப்படி இழுப்பது என்று சொல்லிக் கொடுக்க ஐந்து நிமிடம் ஒதுக்கும் ஓர் ஆளும் வேண்டும்.

பல் துலக்கும் இடத்தில்

தினந்தோறும் மருந்து எடுப்பது எளிதல்ல. அதிலும், மூச்சு நன்றாக இருக்கும் நாளில் மருந்தை நினைப்பது மிகவும் கடினம். இரவு 2 மணிக்கு யாரும் மருந்தை மறப்பதில்லை. காலை 7 மணிக்குத்தான் மறக்கிறார்கள்.

இதற்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. அணைக்கும் மருந்தைப் பையனின் பல் துலக்கும் பிரஷ் பக்கத்தில் வைத்துவிட வேண்டும். முதலில் மருந்து. பிறகு பல் துலக்கல். வாய் கொப்பளிப்பதும் தானாகவே முடிந்துவிடும். நீலப் பம்பு அலமாரியில் கைக்கு எட்டும்படி இருக்கட்டும்.

சில வாரங்கள் இப்படிச் செய்து வந்தால், குழாய்க்குள் படை கலையும். வீக்கம் வடியும். அளவு மீறி உழைத்த நொதிகள் அடங்கும். இதில் எதையும் தாயால் பார்க்க முடியாது. ஆனால் இரவு 2 மணிக்கு அவளுக்குத் தெரிந்துவிடும்.

பையன் தூங்கிக்கொண்டிருப்பான்.